நியூசிலாந்து மலைக்காட்டில் முதல் மான் வேட்டை: கிளம்புமுன் செய்ய வேண்டியவை

நியூசிலாந்துக்குக் குடிவந்த தமிழர்களில் பலருக்கு வேட்டையின் அறிமுகம், உடன் வேலை செய்யும் ஒருவர் தாளில் பொதிந்து கொண்டுவந்து தரும் மான்கறியின் வழியாகவே கிடைக்கிறது. எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டே அவரோடு மலையேறினேன். அதன்பின் தனியாகத் திட்டமிடக் கற்றுக்கொள்ளப் பல பயணங்கள் ஆயின. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதால், இங்கே எழுதியிருப்பது அனைத்தும் நியூசிலாந்தின் பொதுக் காடுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் மான் வேட்டைக்கு ஏன் இடம் தருகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு விடை காட்டிலேயே இருக்கிறது. மனிதர் வருவதற்கு முன் வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இங்கே இல்லை. தழை மேயும் பாலூட்டியை அறியாமலே வளர்ந்த மரஞ்செடிகளின் நடுவே, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஐரோப்பியக் குடியேறிகள் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கிலாந்திலிருந்து சிவப்பு மான் வந்தது. ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட சிகா மான் 1905இல் வந்தது. நாம் கடமான் என்றும் ஈழத்தில் மரை என்றும் சொல்லும் மான் 1875ஐ ஒட்டி இலங்கையிலிருந்தே கப்பலேறி மனாவட்டூப் பகுதிக்கு வந்தது. பெருகிய மான்கள் மரக்கன்றுகளை மேய்ந்து காட்டின் அடித்தளத்தை வெறுமையாக்கியதால், 1930களில் அரசே சம்பளத்துக்கு வேட்டைக்காரர்களை அமர்த்தி மலைக்கு அனுப்பியது. இன்றும் இயற்கைப் பாதுகாப்புத் துறை பெரும்பாலான பொதுக் காடுகளில் ஆண்டு முழுவதும் கட்டணமின்றி வேட்டைக்கு அனுமதி தருகிறது.

அனுமதி எளிதாகக் கிடைப்பதால் பயணமும் எளிது என்று எண்ணிவிட வேண்டாம். குளிரில் கை விறைத்து, களைத்து, நெஞ்சு படபடக்கும் நேரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. ஆகவே எதைச் சுடுவது, எதைச் சுடாமல் விடுவது, எந்த ஆற்றைக் கடப்பதில்லை, எத்தனை மணிக்குத் திரும்புவது ஆகிய அனைத்தையும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தாளில் எழுதி, உடன் வருபவரோடு ஒத்துக்கொண்ட பிறகே கிளம்ப வேண்டும். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்தத் தாளை நிரப்புவதற்கானது.

ஆறு மாதங்களுக்கு முன்: உரிமமும் பயிற்சியும்

துப்பாக்கி உரிமத்துக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். துப்பாக்கிப் பாதுகாப்பு ஆணையத்திடம் விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வில் தேறி, செய்முறை வகுப்புக்குச் செல்ல வேண்டும். உங்களை நன்கு அறிந்தவர்களை அவர்கள் நேர்காணல் செய்வார்கள்; ஆயுதம் வைக்கும் பெட்டகத்தைப் பார்க்க வீட்டுக்கும் வருவார்கள். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வாங்கலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு, உரிமம் உள்ள ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் அவருடைய துப்பாக்கியைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. நேரடிக் கண்காணிப்பு என்றால் அவர் கைக்கெட்டும் தூரத்தில், தம் கையில் வேறு துப்பாக்கி இல்லாமல், எந்த நொடியிலும் உங்களிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பது. முதல் பயணத்துக்கு இதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் ஒரு துப்பாக்கிக்கு இரண்டு ஜோடிக் கண்கள் என்ற கணக்கில் காட்டைக் கற்றுக்கொள்வதைவிடப் பாதுகாப்பான வழி வேறில்லை. மான் வேட்டைக்காரர் சங்கம் நடத்தும் தொடக்கநிலைப் பயிற்சியில் சேர்ந்தால் இத்தகைய துணையும் எளிதாகக் கிடைக்கும்.

துப்பாக்கி எது என்ற கேள்வியில் புதியவர்கள் வாரக்கணக்கில் மூழ்கிப் போகிறார்கள். .308, .270, 7எம்எம்-08, 6.5 க்ரீட்மோர் ஆகிய நான்கு தோட்டா வகைகளில் எதற்கான துப்பாக்கியாயினும் போதும். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் போல்ட் வகையாக இருக்கட்டும். தோளில் மாட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் ஏறக்கூடிய எடையில் இருக்கட்டும். அதில் மிச்சமாகும் பணத்தை நல்ல பைனாகுலருக்குச் செலவிடுங்கள்.

பயிற்சியை மேசை மேல் மணல்மூட்டை வைத்துச் சுடுவதோடு நிறுத்திவிடக் கூடாது. முதலில் 100 மீட்டரில் குறியைச் சரிபார்த்துவிட்டு, பிறகு முதுகுப்பையைத் தரையில் போட்டு அதன் மேல் படுத்தும், உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றியும் பழகுங்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள, அதாவது சுமார் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத்துக்குள், அத்தகைய கிடையில் ஐந்துக்கு ஐந்து தோட்டாவும் எந்தத் தூரம் வரை விழுகிறதோ அதுவே உங்கள் எல்லை. தொடங்குபவர்களுக்கு அது 120 மீட்டராகவோ 150 மீட்டராகவோ இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த எண்ணைத் தாளில் முதல் வரியாக எழுதுங்கள். அதற்கு அப்பால் நிற்கும் மானைப் பார்த்து ரசித்துவிட்டு வரலாம், அல்லது காற்றைக் கணித்து நெருங்கிச் செல்லலாம்.

எந்த மாதம், எந்தக் காடு

மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் முடிய, ஆண்மான்கள் பிணைகளுக்காக, அதாவது பெண்மான்களுக்காக, பள்ளத்தாக்கு அதிர முழங்கும் பருவத்தை இங்கே ‘ரோர்’ என்பார்கள். அந்த முழக்கத்தைக் கேட்கும் ஆசையில்தான் பலர் முதல் பயணத்தை ஈஸ்டர் விடுமுறையில் வைத்துக்கொள்கிறார்கள். நான் அதை வேண்டாம் என்றே சொல்வேன். அந்த வாரங்களில் ஒவ்வொரு குடிலிலும் வேட்டைக்காரர்கள் நிரம்பியிருப்பார்கள். மானின் முழக்கத்தை மனிதரும் குழல் வைத்து எழுப்புவார்கள். முழக்கம் வந்த திசையில் புதர் அசைந்தால் அங்கே மான்தான் நிற்கிறது என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடும். பிப்ரவரியிலும் மார்ச் முற்பகுதியிலும் பகல் நீளமாக இருக்கும், ஆறுகள் பொதுவாக வடிந்திருக்கும், மலையும் ஓரளவு அமைதியாக இருக்கும். ஆனால் நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் பிறந்த கன்றுகள் அப்போது தாயைச் சார்ந்தே இருப்பதால், தாய்ப்பிணையைக் கொன்றால் கன்றும் சாகும். கிளை விடாத ஒற்றைக் கொம்புள்ள இளம் ஆண்மானை மட்டும் நாடுவது என்பதைத் தாளின் இரண்டாவது வரியாக எழுதுங்கள். கறியும் அதில்தான் மென்மையாக இருக்கும்.

காட்டைத் தேர்ந்தெடுப்பதில் மான்களின் எண்ணிக்கையைவிட வழியின் எளிமையைப் பாருங்கள். வட தீவில் ருவாஹினே, கைமனாவா, கவெக்கா ஆகிய வனப்பூங்காக்களும், தென் தீவில் லேக் சம்னர் வனப்பூங்காவும் பலரும் தொடங்கும் இடங்கள். கைமனாவாவும் கவெக்காவும் சிகா மானுக்குப் பெயர்பெற்றவை. துறையின் பொறுப்பில் 950க்கும் மேற்பட்ட மலைக்குடில்கள் உள்ளன, அவற்றில் பல அக்காலத்து அரசு வேட்டைக்காரர்களுக்காகக் கட்டப்பட்டவையே. சாலை முடியும் இடத்திலிருந்து மூன்று அல்லது நான்கு மணி நேர நடையில், பாலமில்லாத பெரிய ஆறு எதையும் கடக்காமல் அடையக்கூடிய ஒரு குடிலை வரைபடத்தில் தேடுங்கள். 1:50,000 அளவிலான டோப்போ50 வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும்; கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்திருக்கும் இடம் செங்குத்துப் பாறை, விலகியிருக்கும் இடம் மான் படுக்கும் திட்டு. கைபேசியில் வரைபடம் இருந்தாலும் தாள் வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருக்க வேண்டும், ஏனெனில் குளிரில் மின்கலம் எதிர்பார்த்ததைவிட விரைவில் தீர்ந்துவிடும்.

இடம் முடிவானதும் துறையின் தளத்தில் வேட்டை அனுமதியை எடுங்கள். குழுவில் வேட்டையாடும் ஒவ்வொருவரும் தம் பெயரில் எடுத்து, உடன் வைத்திருக்க வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து மறைவுக்கு அரை மணி நேரம் பின்பு வரை மட்டுமே சுடலாம்; இரவில் விளக்கடித்துச் சுடுவது பொது நிலத்தில் தடைசெய்யப்பட்டது. வழியில் பண்ணை நிலம் குறுக்கிட்டால் உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி அனுமதி பெறுங்கள். ஒன்றை மறக்கவே கூடாது: எலி, பொஸம் என்ற பைப்பாலூட்டி, ஸ்டோட் என்ற கீரி போன்ற விலங்கு ஆகியவற்றைக் கட்டுப்படுத்த இங்கே 1080 என்ற நஞ்சைக் காடுகளில் இடுகிறார்கள். துறை வெளியிடும் நஞ்சுப் பட்டியலில் உங்கள் பகுதியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, எச்சரிக்கைக் காலம் முடியாத இடத்திலிருந்து கறி எடுக்காமல் இருங்கள்.

உடையும் பையும்

வெப்ப நாட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சொல்: பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் மலையில் உயிருக்கு ஆபத்து. நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேற்கிலிருந்து வரும் மழைக்காற்று கோடையிலும் ஒரே மணி நேரத்தில் கடுங்குளிரைக் கொண்டுவரும். உடலை ஒட்டி மெரினோ கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் தலைமூடியுள்ள மழைச்சட்டை என்று அடுக்குங்கள். கம்பளித் தொப்பி, கையுறை, இரவுக்கு மட்டுமென்று நீர்புகாப் பையில் கட்டிய ஒரு மாற்றுடை ஆகியவையும் வேண்டும். பூட்ஸைப் புதிதாக வாங்கியிருந்தால் இரண்டு மாதங்களுக்கு முன்பே போட்டு ஊரிலுள்ள மேடுகளில் ஏறி இறங்கிப் பழக்குங்கள்.

மேலாடையும் தொப்பியும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கட்டும். மான் கண்டுகொள்ளுமே என்று தயங்க வேண்டாம். சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறியும் திறன் மானின் கண்ணுக்கு இல்லை. நீலத்தை அது நன்றாகவே பார்க்கும். மானை ஓட வைப்பது உங்கள் அசைவும் வாசனையுமே.

இரண்டு இரவுப் பயணத்துக்குத் துப்பாக்கி உட்பட 15 முதல் 18 கிலோவுக்குள் சுமையை நிறுத்தப் பாருங்கள். தூக்கப்பை, சிறு அடுப்பும் வாயுவும், தலைவிளக்கும் மாற்று மின்கலமும், முதலுதவி, தீ மூட்ட இரண்டு வழிகள், கூரான சிறு கத்தி, கறிக்கு நான்கு துணிப்பைகள், கயிறு, மணல் ஈக்கு மருந்து ஆகியவை கட்டாயம். நான் கொண்டுபோகும் உணவு எளிமையானது: அவல், பருப்புப்பொடி, சிறு புட்டியில் நெய், வறுத்த வேர்க்கடலை, தேநீர். அவல் எடையில்லாதது, வெந்நீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் ஊறிவிடும், விறகு நனைந்த நாளில் தண்ணீரிலும் ஊறும். ஒரு நாள் உணவு கூடுதலாக எப்போதும் இருக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் ஏறினால் கடக்க முடியாமல் காத்திருக்க நேரும் என்பதே அதன் காரணம். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலானது 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அழைப்புக் கருவி. பெரும்பாலான பள்ளத்தாக்குகளில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. கருவியை வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், அதன் பதிவு சரியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், பதிவு இலவசம். அதைப் பைக்குள் புதைக்காமல் இடுப்பிலோ மார்பிலோ அணியுங்கள், ஏனெனில் ஆற்றில் விழுபவர் முதலில் இழப்பது பையைத்தான்.

கிளம்பும் வாரம்

வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எழுத்தில் ஒப்படைக்க வேண்டியவை: வண்டியின் எண், நிறுத்தும் இடம், குடிலின் பெயர், செல்லும் வழி, மாற்று வழி, உடன் வருபவர்கள், திரும்பும் நாள், அதோடு எந்த நாள் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் 111ஐ அழைத்துக் காவல்துறையிடம் சொல்ல வேண்டும் என்ற துல்லியமான நேரம். ‘ஞாயிறு சாயங்காலம் வந்துடுவேன்’ என்று மட்டும் சொல்லிச் சென்றால், வீட்டிலிருப்பவர் எப்போது கவலைப்படத் தொடங்குவது என்று தெரியாமல் தவிப்பார்.

வானிலை ஆய்வு நிலையத்தின் மலைப்பகுதி முன்னறிவிப்பைக் கடைசி மூன்று நாட்களும் பாருங்கள். பலத்த மழை அறிவிப்பு வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது என்று தாளில் இருக்க வேண்டும். விடுப்பு எடுத்தாயிற்று, பெட்ரோல் போட்டாயிற்று என்ற நினைப்புதான் பலரை ஆற்றுக்குள் இறக்குகிறது. இந்நாட்டு மலையாறுகள் செங்குத்தானவை, ஆகையால் சில மணி நேரத்தில் ஏறும், மழை விட்டபின் பெரும்பாலும் அதே வேகத்தில் இறங்கும். நீர் கலங்கி, மரக்கிளைகளை அடித்துக்கொண்டு, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டால் கடக்கக் கூடாது. கரையிலோ குடிலிலோ ஒரு நாள் உட்கார்ந்து அந்தக் கூடுதல் உணவைச் சாப்பிடுங்கள்.

வண்டியில் துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றி, தோட்டாக்களைத் தனியே பூட்டி, வெளியே தெரியாதபடி எடுத்துச் செல்லுங்கள். குடிலிலும் அதே ஒழுங்கு தொடர வேண்டும்: வாசலுக்கு முன்பே தோட்டாக்களை இறக்கி, போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே செல்லுங்கள். துப்பாக்கி கையாளும் நாளில் மது வேண்டாம்.

காட்டில்

அதிகாலையும் அந்தியும் மான் வெளியே வரும் நேரம். நிலச்சரிவில் புல் முளைத்த சரிவுகள், ஆற்றங்கரைத் திட்டுகள், காட்டின் விளிம்பு ஆகியவற்றை எதிர்ச்சரிவில் உட்கார்ந்து பைனாகுலரால் துழாவுங்கள். முழு மானைத் தேடினால் கிடைக்காது. காதின் அசைவு, முதுகின் கிடைக்கோடு, பின்தொடையின் வெளிர்த்திட்டு என்று துண்டுதுண்டாகத் தேட வேண்டும். ஃபைவ்ஃபிங்கர், ப்ராட்லீஃப் ஆகிய செடிகளின் எட்டும் கிளைகளில் தழை கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மானுக்கு அவை மிகப் பிடித்தவை. எச்சம் ஈரமாக மின்னினால் மான் அண்மையில்தான் நிற்கிறது.

காற்றை எப்போதும் முகத்தில் வாங்கியபடி நடங்கள். வெயில் ஏறும்போது காற்று சரிவில் மேலேறும், மாலையில் மலை குளிர்ந்ததும் அதே காற்று கீழே வழியும். ஒருமுறை அந்தியில் ஒரு முகட்டின் மேலே உட்கார்ந்து, கீழே எண்பது மீட்டரில் மேய்ந்துகொண்டிருந்த பிணையையும் இளம் ஆண்மானையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடரியில் மெல்லிய குளிர் பட்டது. காற்று திரும்பிவிட்டது என்று நான் உணர்ந்த அதே கணத்தில் பிணை தலை தூக்கி நாய் குரைப்பது போல் ஒருமுறை குரைத்தது. இரண்டும் காட்டுக்குள் மறைந்தன. இப்போதெல்லாம் முகப்பவுடரைச் சிறு புட்டியில் எடுத்துப்போய்ப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊதிப் பார்க்கிறேன்.

சுடும் முடிவுக்கு வருவோம். குறியை ஐயத்துக்கிடமின்றி அடையாளம் காண வேண்டும் என்பது இந்நாட்டுத் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் ஏழில் ஒன்று. மற்ற ஆறையும் மனப்பாடம் செய்யலாம், இதை மட்டும் எலும்பில் எழுதிக்கொள்ள வேண்டும். மானென்று எண்ணி மனிதரைச் சுட்ட சாவுகளில் சுட்டவரும் செத்தவரும் பெரும்பாலும் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள், பிரிந்து நடந்து மீண்டும் எதிர்ப்பட்டவர்கள். மனுகாப் புதர்களுக்கிடையே நாற்பது மீட்டரில் ஒரு பழுப்புத் துண்டு அசைவதை நானே பார்த்திருக்கிறேன். மானின் தொடை என்று சத்தியம் செய்திருப்பேன். பைனாகுலரை எடுத்து நான்கு நிமிடம் காத்திருந்தேன். பழுப்புத் துண்டுக்குக் கீழே பூட்ஸ் கயிறு தெரிந்தது. அவர் வேறொரு குழுவின் வேட்டைக்காரர், குனிந்து காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அன்று என் துப்பாக்கியில் சுடும் நிலையில் தோட்டா இல்லை, ஏனென்றால் மானின் தலை, கழுத்து, தோள் மூன்றையும் பைனாகுலரில் பார்த்த பிறகே தோட்டா ஏற்றுவது என்று வீட்டில் எழுதியிருந்தேன். துப்பாக்கியின் ஸ்கோப்பால் தேடிப் பார்க்கவே கூடாது. அப்படிப் பார்க்கும் கணத்தில் குழல் ஒரு மனிதரை நோக்கியிருக்கலாம். உடன் வந்தவர் எங்கிருக்கிறார் என்று கண்ணால் பார்க்க முடியாத நிலையில் சுடுவதில்லை என்பதும் தாளில் இருக்கட்டும். மானுக்குப் பின்னால் மண்சரிவு இருக்க வேண்டும்; வானம் இருக்கக் கூடாது.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்கோட்டில், உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இதயமும் நுரையீரலும் இருக்கின்றன. சுட்டதும் அடுத்த தோட்டாவுக்குத் தயாராகி, மான் நின்ற இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து மனத்தில் பதித்து, நீங்கள் நின்ற இடத்திலும் பளிச்சென்ற நாடா ஒன்றைக் கட்டிவிட்டுச் செல்லுங்கள். இதைச் செய்யாமல் ஓடியவர்கள், பத்து மீட்டரில் விழுந்து கிடக்கும் மானை ஒரு மணி நேரம் தேடியிருக்கிறார்கள். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலில் பட்டதைக் காட்டும். பச்சை கலந்திருந்தால் குடலில் பட்டிருக்கிறது. உடனே துரத்தினால் காயத்தோடு வெகுதூரம் ஓடும், ஆகவே காத்திருந்து, தடம் பிடித்து, கண்டுபிடிக்கும் வரை தேடுவது வேட்டைக்காரரின் கடமை.

கறி

புதியவர்கள் இதற்குத் தயாராகாமலே வருகிறார்கள். வளர்ந்த சிவப்புப் பிணையில் எலும்பு நீக்கிய கறி 35 கிலோ அளவுக்குத் தேறும். உங்கள் பையோடு சேர்த்து அதை ஒரே நடையில் சுமக்க முடியாது. ஆகவே குடிலிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தூரமுள்ள இடத்தில், அல்லது செங்குத்தான ஓடைக்குள் விழக்கூடிய இடத்தில் சுடுவதில்லை என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

வெப்பமும் ஈயும் கறியின் எதிரிகள். வயிற்றைத் திறக்காமலே வேலையை முடிக்கும் முறை தொடங்குபவர்களுக்கு எளிது. மானை ஒருக்களித்துக் கிடத்தி, முதுகெலும்பின் நெடுக ஒரு கீறல் போட்டுத் தோலைக் கீழ்நோக்கி உரித்துக்கொண்டே வாருங்கள். முன்னங்காலை உடலோடு இணைக்கும் எலும்பு மூட்டே கிடையாது. தசையை அறுத்தாலே கையோடு வந்துவிடும். பிறகு முதுகுத்தண்டை ஒட்டி நீண்டு கிடக்கும் முதுகுக்கறியை எலும்பைக் கத்தி உரசியபடி கழற்றுங்கள், அடுத்துப் பின்தொடையை இடுப்புக் கிண்ணத்தில் அறுத்தெடுங்கள். மறுபக்கம் புரட்டி அதையே செய்யுங்கள். ஒவ்வொரு துண்டையும் துணிப்பையிலிட்டு, காற்றோடும் நிழலில் கிளையில் தொங்கவிட்டு ஆறவிட வேண்டும்; சூடான கறியைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். கொம்பையோ தோலையோ முதுகில் சுமந்தால் ஆரஞ்சுத் துணியால் முழுவதும் மூடிக்கட்டுங்கள், புதருக்கு மேலே நகரும் கொம்பை இன்னொருவர் எப்படிப் பார்ப்பார் என்பதை நினைத்து.

சாலைக்கு வந்து சமிக்ஞை கிடைத்ததும் வீட்டிலிருப்பவருக்கு முதல் அழைப்பு. வீட்டில் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெயிட்டுப் பெட்டகத்தில் பூட்டியபின், கறியைக் குளிர்பெட்டியில் 4 பாகைக்குக் கீழே நான்கைந்து நாட்கள் வைத்திருந்து பிறகு துண்டு போடுங்கள். அதற்குள் தசை தளர்ந்து மென்மையாகும். இப்படி வேட்டையாடிய கறியை விற்பது சட்டப்படி குற்றம், கொடுப்பதற்குத் தடையில்லை. கொழுப்பு மிகக் குறைவான கறி ஆதலால் முதுகுக்கறியை மிளகும் உப்பும் தடவி அதிகச் சூட்டில் சில நிமிடங்கள் மட்டும் புரட்டி எடுங்கள். முன்னங்கால் கறியைச் சின்ன வெங்காயத்தோடு மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிடுங்கள். மிச்சத்தை உறைபெட்டியில் வைக்கும்போது ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தேதியையும் பள்ளத்தாக்கின் பெயரையும் எழுதிவிடுங்கள்.